பன்னிரண்டுக்கு ஒன்பது அறையில் ஒரு பந்து

வட்டம் என்பது அவனுக்குக் கிடங்கில் வைத்த பெயர். தரைக்குப் பாலிஷ் போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீடுகளில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவன் மனைவிக்கு மூலை என்று பெயர். அதுவும் கிடங்குக்காரர் உபயம்தான். மெஷினுக்கு அடியில் சுற்றுகிற தட்டு வட்டமானது, அதனால் அறையின் மூலைகள் அதற்கு எட்டாது. எட்டாத இடத்தையெல்லாம் கையில் கல்லை வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பது அவள் வேலை. காலையில் இருவரும் கிடங்கு வாசலுக்கு வந்தால், "வட்டமும் மூலையும் வந்தாச்சுப்பா, மெஷினை எடுத்து வெளிய வைங்க" என்று கிடங்குக்காரர் குரல் கொடுப்பார். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். பெயரில் பொய் ஒன்றும் இல்லையே.

வட்டத்துக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. மெஷின் சும்மா ஓடாது, கொஞ்சம் அசந்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடிக்கும். மூலை வேலையை அவன் மட்டமாக நினைத்தான் என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. அவன் மெஷினை நிறுத்தி, கை கழுவி, வாசலில் நின்று யாரிடமாவது நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மூலைகள் தாமாகவே பளபளத்துவிடும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் போனது.

அந்த வருஷம் அவள் மூட்டு மக்கர் செய்தது. முதலில் எழுந்திருக்கும்போது ஒரு சத்தம். பிறகு வீக்கம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பார்க்கறீங்க?" என்று கேட்டார். சொன்னாள். "இனிமே குந்தவே கூடாது. இப்படியே இன்னும் ஆறு மாசம் போனா அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும். உட்கார்ந்து பார்க்கற வேலையா மாத்திக்கங்க" என்றார். டாக்டர்கள் சொல்வது எல்லாமே சுலபமாகத்தான் இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு யார் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார்கள்?

அதிசயம், ஒரு நாற்காலி காத்திருந்தது. அவர்கள் வேலை பார்த்த தரை போடும் கம்பெனியில் அளவு மேஜை என்று ஒன்று உண்டு. வீட்டு வரைபடத்தைப் பார்த்து, எந்த அறைக்கு எத்தனை கல், எங்கே வெட்டு விழும் என்று சொல்லும் இடம். அங்கே உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளிக்குப் புதிர் என்றால் உயிர். சான்றிதழ் பார்த்து எடுத்த ஆள் போன மாதம் ஒரு மாடிக்கே கல் குறைவாகக் கணக்கிட்ட கோபமும் சேர்ந்துகொள்ள, கிடங்குச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டார். கம்பெனிக்கு வேலை செய்யும் யாரும் எழுதலாம், படிப்பு பார்க்க மாட்டோம், சரியான விடை எழுதுபவருக்கு அளவு மேஜை.

புதிர் இதுதான். பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலத்தில் வெறும் அறை. அதன் அ என்ற மூலையில், இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு, ஓர் அடி விட்டமுள்ள பந்து இருக்கிறது. மூலையிலிருந்து சரிபாதிக் கோணத்தில், அதாவது நாற்பத்தைந்து டிகிரியில், அதை உருட்டுகிறோம். வேகம் குறையாமல், போன சாய்விலேயே திரும்பித் திரும்பி ஓடுகிறது. அது இன்னொரு மூலையில் போய் அடங்குவதற்குள் எத்தனை முறை சுவரில் மோதும்? எந்த மூலையில் அடங்கும்? கீழே படம். நீளச் சுவரின் மறுமுனை ஆ, எதிர் மூலை இ, அகலச் சுவரின் மறுமுனை ஈ. விடைச் சீட்டில் ஆள் எண்ணும், ஓர் எண்ணும், ஓர் எழுத்தும் எழுதினால் போதும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

கிடங்கே நாலு நாள் அல்லோலகல்லோலப்பட்டது. உண்மையிலேயே ஒரு பந்தைக் கொண்டுவந்து காலி அறையில் உருட்டிப் பார்த்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு. மூலை யாரிடமும் பேசவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, சாயங்காலமானால் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வட்டம் எட்டிப் பார்த்தால் மறைத்துக்கொள்வாள்.

"என்ன, எனக்குக்கூடக் காட்ட மாட்டியா?"

"ஜெயிச்சா காட்டறேன். இல்லன்னா அடுப்புல போட்டுடறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டைப் பூர்த்தி செய்து மடித்தாள். மறுநாள் காலையில் மூட்டு இரண்டும் வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. சீட்டை அவன் சட்டைப் பையில் வைத்து, "பெட்டியில போட்டுட்டு வேலைக்குப் போங்க. மறந்துடாதீங்க, என்ன?" என்றாள்.

"நான் எதை மறந்திருக்கேன்?" என்றான் அவன். அவன் மறந்தவற்றின் பட்டியல் நீளம்.

மெஷினை எடுக்கக் கிடங்குக்குப் போனபோது, பெட்டியை ஒன்பதரைக்குத்தான் வெளியே வைப்போம் என்றார்கள். அதனால் முதலில் வேலை இடத்துக்குப் போனான். அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் வீடு. மெஷினை இறக்கி, வயரை மாட்டி, தண்ணீர் ஊற்றி ஓட்டத் தொடங்கியவன், பத்தரை மணிக்கு மெஷினை ஆறவிட்டபோது சீட்டைப் பிரித்துப் பார்த்தான். 17, ஈ என்று எழுதியிருந்தாள்.

பதினேழு! ஒரு சின்ன அறைக்குள் ஒரு பந்து பதினேழு முறையா முட்டிக்கொள்ளும்? கிடங்கில் ஆளாளுக்குச் சொன்ன எண்ணெல்லாம் ஐந்து, ஆறு, மிஞ்சினால் எட்டு. பாவம், வலியோடு உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள், கோடு எங்கேயோ வழி தவறியிருக்கிறது என்று நினைத்தான். எதிரே கணக்கு வாத்தியார் நாளிதழை மடித்துக்கொண்டிருந்தார். கண்முன்னே கணக்கையே கரைத்துக் குடித்த ஆள் இருக்கும்போது கேட்காமல் விட்டால் தன்னைவிட முட்டாள் யார்?

"சார், ஒரு சந்தேகம். பன்னிரண்டுக்கு ஒன்பது அடி ரூம் சார். மூலையிலேர்ந்து ஒரு பந்தைச் சரிபாதிக் கோணத்துல உருட்டறாங்க..."

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் கணக்கென்றால் காத தூரம் ஓடும் வீட்டில் ஒரு மனிதன் தானாக வந்து கேட்கிறான். பென்சிலைத் தேடி எடுத்தார். "வேற ஏதாவது குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அவ்வளவுதான்."

இந்த இடத்தில் வட்டத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு இருக்கிறது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அறை என்றால் அவனிடம் கேட்பது நீளமும் அகலமும்தான். அவன் சொல்வதும் அதுதான். பந்தின் விட்டத்தை அவன் மறைக்கவில்லை. அது ஓர் அளவு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

வாத்தியார் ஓர் அறையை வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோல அதன் பக்கத்தில் இன்னோர் அறை, மேலே இன்னோர் அறை என்று அடுக்கினார். "பந்து திரும்புதுன்னு நினைக்காதப்பா. நேராப் போகுது, ரூம்தான் திரும்புதுன்னு நினை. இதோ பார், நீளத்துல மூணு ரூம், அகலத்துல நாலு ரூம். முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. நடுவுல எத்தனை சுவரைத் தாண்டுது? ரெண்டும் மூணும் அஞ்சு. ஆ மூலையில போய் விழும். முடிஞ்சுது." ஸ்கேல் வைத்ததுபோல் நேரான கோடு. கண்ணுக்கே அழகாக இருந்தது.

"பதினேழு வராதா சார்?"

வாத்தியார் சிரித்தார். "பதினேழா? யாருப்பா சொன்னது?"

"சும்மா ஒருத்தர் சொன்னாங்க சார்" என்றான் வட்டம். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டதாக அவனுக்குள் ஒரு பெருமை வேறு.

மணி பதினொன்றே கால். வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். சைக்கிளில் போக வர இருபது நிமிஷம், அங்கிருந்து கிடங்குக்குப் பத்து நிமிஷம். நேரம் இருந்தது. ஆனால் அவள் பிடிவாதக்காரி. வாத்தியாராவது மண்ணாவது என்பாள், வீம்புக்குப் பதினேழையே போடச் சொல்வாள், நாற்காலி கைவிட்டுப் போகும். ஜெயித்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். வாத்தியாரின் பேனாவையே கேட்டு வாங்கி, 17ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு 5 என்று எழுதினான். ஈயை அடித்து ஆ என்று எழுதினான். பதினொன்றே முக்காலுக்குப் பெட்டியில் போட்டான். அன்று முழுவதும் மெஷின் அவன் சொன்னபடி கேட்டது.

திங்கட்கிழமை வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வராமல் முடியாது. ஒரு நாள் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் அந்தக் கம்பெனி வேலையை ஜோடிக்குத்தான் கொடுக்கும். பகலில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, மடியிலிருந்து காலண்டர் தாளை எடுத்தாள்.

"ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் காட்டணும்னு இருந்தேன். பெட்டியில போட்டாச்சு, இனிமே என்ன, பாருங்க. முதல்ல எனக்கும் அஞ்சுதான் வந்துச்சு."

வட்டத்தின் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது.

"எல்லாரும் அங்கதான் ஏமாந்திருப்பாங்க. எனக்கு அப்புறம்தான் உங்க மெஷின் ஞாபகம் வந்துச்சு. மெஷினோட நடு போல்ட் என்னைக்காவது சுவரைத் தொட்டிருக்கா? தொடாதில்ல? தட்டோட பாதி அகலம் தள்ளியேதானே திரும்பும்? பந்தும் அப்படித்தானே. இந்தப் பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி. பந்தோட நடுவுக்குப் பன்னிரண்டு அடி ரூமே கிடையாதுங்க. அதுக்குப் பதினொண்ணுக்கு எட்டுதான். பதினொரு கட்டம், எட்டு கட்டம் போட்டு இழுத்தேன். நாலு தடவை எண்ணிட்டேன். பதினேழு."

மெஷின் பிடித்த கைக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வாத்தியாரின் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு பொலபொலவென்று உதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று திரும்பியவன் அவன். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன, முழிக்கறீங்க? புரியலையா?"

"புரியுது" என்றான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் தாளை மடித்து, ஓரத்தை நகத்தால் நீவி, நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று யோசிக்கிற முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே கிடங்குக்கு ஓடினான். "அண்ணே, அந்தப் பெட்டியில என் வீட்டுச் சீட்டு ஒண்ணு... கொஞ்சம் திருத்தணும்ணே."

கிடங்குக்காரர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "பரீட்சை முடிஞ்சு பேப்பரைத் திருப்பிக் கேக்கற ஆளை இப்பத்தான்ப்பா பார்க்கறேன். பெட்டி முதலாளி ரூம்ல இருக்கு. மேல சீல் வேற. போ போ."

முதலாளியின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றான். உள்ளே போகச் சொல்வாரும் இல்லை, ஏன் நிற்கிறாய் என்று கேட்பாரும் இல்லை. விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பிய ஊழியர், "வெள்ளிக்கிழமை ரிசல்ட் போடுவாங்க, அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலு நாளும் வட்டம் சாமி கும்பிட்டான். என்ன வேண்டிக்கொண்டான் தெரியுமா? விடை ஐந்தாக இருக்க வேண்டும் என்று. முதலாளியும் அவனைப்போலவே பந்தின் விட்டத்தை மறந்திருக்க வேண்டும் என்று. தன் பெண்டாட்டி சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்ட புருஷன் அந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டம். அவள் பின்னால் நின்று எம்பிப் பார்க்க முடியாமல், "என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற ஒருவர் சத்தமாகப் படித்தார்.

"விடை, பதினேழு முறை. ஈ மூலை. வந்த சீட்டுகள் நாற்பத்தாறு. சரியான விடை யாரும் எழுதவில்லை. அளவு மேஜைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப்படும்."

அவள் முகம் பதினேழைக் கேட்டதும் மலர்ந்தது, அடுத்த வரியைக் கேட்டதும் குழம்பியது. "யாரும் எழுதலையா? நான் எழுதினேனே! சீட்டு எங்கயோ மாறியிருக்குங்க. வாங்க, போய்க் கேப்போம்." மூட்டு வலியெல்லாம் எங்கே போனதோ, விறுவிறுவென்று அலுவலகப் படிகளில் ஏறினாள். அவன் பின்னாலேயே போனான். மூன்றாவது படியில், "ஒரு நிமிஷம் நில்லு, ஒண்ணு சொல்லணும்" என்றான். "அப்புறம் சொல்லுங்க, அவங்க பூட்டிட்டுப் போயிடப் போறாங்க" என்று மேலே போய்விட்டாள்.

மேனேஜர் நல்ல மனிதர். சலித்துக்கொள்ளாமல் சீட்டுக் கட்டை எடுத்துப் பிரித்து, ஆள் எண்ணைக் கேட்டுத் தேடி, ஒரு சீட்டை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே எழுதி நீங்களே அடிச்சிட்டீங்களேம்மா! இதைப் பார்த்துட்டு முதலாளியே தலையில அடிச்சுக்கிட்டார். அந்தக் கோடு மட்டும் போடாம இருந்திருந்தா, அதோ, அந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

அவர் காட்டிய திசையில் ஜன்னலோரம் மேஜையும் நாற்காலியும் இருந்தன. சாதாரண நாற்காலி. அவள் அதைப் பார்க்கவில்லை. நீல மையில் எழுதியிருந்த 5ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியது பென்சிலில்.

"சார்," என்றான் வட்டம். "அவ அடிக்கல சார். நான்தான் அடிச்சேன். எனக்குத்தான் சார் புத்தி கெட்டுப் போச்சு. அவ பதினேழுதான் எழுதினா. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க சார், அவளுக்கு அந்த இடத்தைக் குடுத்துடுங்க."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவுதான் வட்டத்தைக் கொன்றது.

"புரியுதுப்பா. வீட்டுக்காரம்மா மேல உனக்கு எவ்வளவு பாசம்னு தெரியுது. பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கற. ஆனா விடை தெரிஞ்சதுக்கு அப்புறம் இதை நான் எப்படி எடுத்துக்க முடியும்? காலையிலேர்ந்து நீ நாலாவது ஆளு. ஒருத்தர் பேனா வழுக்கிடுச்சுங்கறார், ஒருத்தர் குழந்தை கிறுக்கிடுச்சுங்கறார்."

"இல்ல சார், சத்தியமா நான்தான். வாத்தியார் வீட்டுல வெச்சு, அவர் பேனாவாலயே..."

"சரிப்பா, சரி. நீங்க குடுத்து வெச்சவங்கம்மா" என்றார் மேனேஜர் அவளிடம். சீட்டுக் கட்டை மறுபடி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

அவள் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாள். பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். வாத்தியார் வீடு, முப்பத்தாறுக்கு முப்பத்தாறு, கிடங்குக்காரர், முதலாளி அறை வாசல், ஒன்று விடாமல். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரைக் கேக்கத் தோணியிருக்கு" என்றாள் கடைசியில். "எங்கிட்டக் கேக்கத் தோணலையாங்க?"

"தோணுச்சு" என்றான். அதுதான் உண்மை. உண்மை இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "நேரமும் இருந்துச்சு."

இரண்டு பஸ்கள் வந்து போயின. இரண்டிலும் கூட்டம், படியும் உயரம். அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது பஸ் தூரத்தில் திரும்பும்போது, முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை ரூம்?"

"மூணு" என்றான்.

"பன்னிரண்டு மூலை" என்றாள் அவள்.